செருப்போடு தூங்கும் பையன்

ரங்கூனிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், தெரு, கடை போன்ற அடையாளங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய இரண்டாவது அண்ணன் குடும்பத்தோடு மாந்தலேயில் இருந்தவர். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை. பள்ளி விடுமுறைக் காலம். ஒன்பது வயது மகன் அப்பா வேலை செய்யும் இடத்துக்குத் தூக்குச்சட்டியில் சாப்பாடு கொண்டு போயிருக்கிறான். சாப்பிட உட்காரும் முன், எதிர்க்கடையில் ஐஸ் வாங்கி வரச் சொல்லி அப்பா காசு கொடுத்தார். பையன் சாலையைத் தாண்டிக் கடையில் நின்றபோது, பகல் 12.50 மணியளவில், நிலம் ஆடியது. அவன் கண்ணெதிரே கட்டடம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அப்பாவின் உடலை மூன்றாம் நாள் எடுத்தார்கள். வீட்டில் இருந்த அம்மாவின் மேல் சுவர் விழுந்து கால் எலும்பு நொறுங்கியது. இரண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவர் மாந்தலேயில் தன் தாய்வீட்டில் படுக்கையில்தான் இருக்கிறார். பையனையும் அவனுடைய ஐந்து வயதுத் தங்கையையும், திங்யான் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு, அத்தையான இந்தச் சகோதரி தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்.

ஐந்து மாதம் ஆகப் போகிறது. பையன் செருப்பைக் கழற்றாமல் வாசற்கதவோரம் படுக்கிறான். வாரத்தில் மூன்று நாள் படுக்கை நனைகிறது. கரண்டு போய்ப் பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் போட்டால், பலகைத் தரை அதிர்ந்ததும் தெருவுக்கு ஓடிவிடுகிறான். வகுப்பறை இரண்டாம் மாடியில் இருப்பதால் பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏற மறுக்கிறான். எந்நேரமும் பால் டின்களை அடுக்கித் தட்டிவிட்டுக்கொண்டிருக்கிறான். தங்கையிடம் 'அப்பா மலேசியாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்' என்று வீட்டார் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதை உடைத்துவிடக் கூடாது என்று பையனிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா, பயத்தில் பிள்ளையின் லெய்ப்யா, அதாவது உயிர், பறந்துவிட்டது என்கிறார். பூசாரி, துர்மரணம் அடைந்தவர் பிள்ளையைச் சுற்றுகிறார் என்கிறார். மருந்துக்கடைக்காரர் ராத்திரி பாதி மாத்திரை கொடுக்கச் சொல்லியிருக்கிறார். பெரியப்பா, பையனை விடுதியில் சேர்த்துவிடலாம் என்கிறார்.

சகோதரி கேட்பது இதுதான்: 'இவனுக்குப் புத்தி பேதலித்துவிடுமா? ஒரு நாள் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்ட வைத்துவிட்டால் சரியாகிவிடுமா? இவன் அதை மறக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும்?'

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'ஐஸ் வண்டி மணி கேட்டால் காதைப் பொத்திக்கொள்கிறான், அவன் அப்பாவுக்கு அது பிடிக்கும் என்பதாலோ என்னவோ.' நான் அந்த வரியைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டேன்.

அவன் ஐஸ் வாங்கப் போனதால் பிழைத்தான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அவன் மனதில் கணக்கு வேறு மாதிரி ஓடிக்கொண்டிருக்கலாம். 'நான் போகாமல் இருந்திருந்தால் அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பேன்', 'கடையில் வேடிக்கை பார்க்காமல் சீக்கிரம் திரும்பியிருந்தால்', 'சாப்பாட்டை முன்னாடியே கொண்டு போயிருந்தால் அப்பா சாப்பிட்டுவிட்டு வெளியே வந்திருப்பார்'. இந்த வயதுக் குழந்தைகள் நடந்ததற்கெல்லாம் தாங்களே காரணம் என்று எடுத்துக்கொள்வது மிகச் சாதாரணம். 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி முகத்துவாரத்தை அழித்துப்போட்ட பிறகு, நான் அங்கே சில மாதம் பிள்ளைகளோடு இருந்தேன். ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தும் காணாமலும் போன புயல் அது. கிராமமே போயிருந்தது. இருந்தும் ஒரு சிறுமி, அன்று காலையில் அம்மாவிடம் எதிர்த்துப் பேசியதால்தான் அம்மா போய்விட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தாள். யாரும் அவளிடம் கேட்காததால் யாருக்கும் அது தெரியவில்லை.

பையன் அப்படித்தான் நினைக்கிறான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அவன் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எதேச்சையாக, வேலை பார்த்துக்கொண்டே சொல்லுங்கள்: "சில பிள்ளைங்க, அப்பா செத்தது தன்னாலதான்னு நெனச்சுக்குவாங்க. அது அப்படி இல்லப்பா. பூமி ஆடுனதை யாராலயும் நிறுத்த முடியாது. பெரியவங்களாலயே முடியல. உன்னைக் கடைக்கு அனுப்புனது அப்பா. நீ அப்பா சொன்னதைத்தான் செஞ்ச." இவ்வளவு போதும். அவன் பதில் சொல்ல வேண்டியதில்லை. எழுந்து போய்விட்டாலும் பரவாயில்லை, காதில் விழுந்திருக்கும். இன்னும் பத்து முறை, வேறு வேறு நாளில், இதையே சொல்ல வேண்டியிருக்கும்.

அவன் பர்மிய மொழியில் பதில் சொன்னால் அதிலேயே சொல்லட்டும். 'தமிழில் பேசு' என்று திருத்துவது நல்ல பழக்கம்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயத்தைப் பற்றி அவன் பேசும்போது மட்டும் வேண்டாம். அன்று அவனைச் சுற்றிக் கேட்ட அலறல் எல்லாம் பர்மிய மொழியில்தான் இருந்திருக்கும்.

அவன் காவல் காக்கிறான்

செருப்பு, கதவோரம், தெருவுக்கு ஓடுவது எல்லாமே ஒரே விஷயம்தான். ஒரு முறை எச்சரிக்கை இல்லாமல் தரை காலடியில் நழுவிவிட்டது. இனி அப்படி ஏமாறக் கூடாது என்று அவன் உடம்பு இரவும் பகலும் விழித்திருக்கிறது. ஜெனரேட்டர் அதிர்வும் நில அதிர்வும் அந்த உடம்புக்கு ஒன்றுதான். வித்தியாசத்தை மூளை கண்டுபிடிப்பதற்குள் கால் ஓடிவிடும். இதில் பைத்தியம் எங்கே இருக்கிறது? மாந்தலேயிலும் சகாயிங்கிலும் நிலநடுக்கத்துக்குப் பிறகு பெரியவர்களே வாரக்கணக்கில் வீட்டுக்குள் படுக்கப் பயந்து தெருவில் பாய் விரித்துக் கிடந்தார்கள். 7.7 அளவு நிலநடுக்கம் அது. 3,000-க்கும் மேற்பட்ட உயிர்களை வாங்கியது. அதைக் கண்ணால் பார்த்த பிள்ளை செருப்போடு தூங்குவதை நான் அவன் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

எனவே செருப்பைக் கழற்றச் சொல்லிச் சண்டை வேண்டாம். பாயை உங்கள் பக்கத்தில் போடுங்கள், செருப்பு தலைமாட்டில் இருக்கட்டும், கையில் ஒரு டார்ச் கொடுங்கள். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, சாவி எங்கே தொங்குகிறது என்று காட்டுங்கள். 'இங்கேயும் வருமா?' என்று கேட்டால் 'வராது' என்று சொல்லிவிடாதீர்கள். இந்த நிலநடுக்கம் உண்டான சகாயிங் நிலப்பிளவு தெற்கே, ரங்கூனுக்கு அருகிலுள்ள பெகு பக்கம் வரைக்கும் வருகிறது. 1930 மே மாதம் பெகுவில் ஷ்வேமோடோ பகோடாவே இடிந்து விழுந்தது, ரங்கூனிலும் சேதம். அவன் அதை எங்காவது கேள்விப்பட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான். "வரலாம், எப்பன்னு யாருக்கும் தெரியாது. வந்தா நாம இந்த மேஜைக்கு அடியில போயிடுவோம், தலையை மூடிக்குவோம், நின்னதும் மாமா தங்கச்சியைத் தூக்கிக்குவாரு" என்று சொல்லி ஒரு முறை செய்தும் காட்டுங்கள். தங்கையைத் தூக்குவது மாமாவின் வேலை என்று பெயர் சொல்லிச் சொல்வது முக்கியம். அந்த வேலையையும் அவன் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. தங்கை எங்கே தூங்குகிறாளோ அந்தப் பக்கத்துக் கதவோரத்தில்தானே அவன் படுக்கிறான்?

ஜெனரேட்டருக்கு ஒரு வழி உண்டு. பக்கத்து வீட்டாரிடம் பேசி, போடும் முன் ஒரு குரல் கொடுக்கச் சொல்லுங்கள். சில நாள் கழித்து, மாமா கூட நிற்க, அவனே போய்ப் பார்க்கட்டும். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று தரையில் கை வைத்துப் பார்க்கட்டும். ஒரு நாள் அவனே பொத்தானை அழுத்தட்டும். எது ஆடுகிறது, ஏன் ஆடுகிறது, எப்போது நிற்கும் என்று கைக்குத் தெரிந்த பிறகுதான் காலுக்கு ஓட்டம் குறையும். மாடிப்படியும் அப்படித்தான். தலைமை ஆசிரியரைப் பார்த்து, இந்த ஒரு பருவத்துக்காவது கீழ்த்தள வகுப்பில் உட்கார அனுமதி கேளுங்கள். மறுத்தால், கதவோர இருக்கையாவது கேளுங்கள். பள்ளி விட்ட பிறகு நீங்களும் அவனுமாகத் தினம் நாலு படி ஏறி இறங்கலாம். இழுத்துக்கொண்டு போய் மேலே விடுவது வேண்டாம்.

படுக்கை நனைவதற்கு அடிக்கவோ, தங்கை முன்னால் சொல்லிக் காட்டவோ கூடாது. பாட்டி அதைச் செய்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே நின்றிருந்த பழக்கம் பெரிய அதிர்ச்சிக்குப் பிறகு திரும்புவது பிள்ளைகளிடம் சர்வ சாதாரணம். படுக்கும் முன் போய்விட்டு வரச் சொல்வது, நனையாத நாளுக்குக் காலண்டரில் ஒரு நட்சத்திரம் ஒட்டுவது, நனைந்த நாளில் பேசாமல் விரிப்பை மாற்றுவது, இவை போதும். அப்புறம், மூச்சு வாங்கும்போது காகிதப் பைக்குள் ஊதச் சொன்னீர்கள் அல்லவா, அது குழந்தைகளுக்குக் கூடவே கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே மெதுவாக மூச்சு விடுங்கள், அவன் பின்தொடர்வான்.

பால் டின்

டின்களை அடுக்கித் தட்டிவிட்டுக்கொண்டே இருக்கிறான், பார்க்கச் சகிக்கவில்லை, ஒளித்து வைத்துவிட்டேன் என்கிறீர்கள். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாயால் சொல்ல முடியாததைக் குழந்தைகள் கையால் சொல்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: விளையாட்டு மாறுகிறதா? இன்று விழுகிறது, நாளை ஒரு பொம்மை லாரி வந்து இடிபாட்டை அள்ளுகிறது, மறுநாள் யாரோ ஒருவர் வெளியே வருகிறார் என்றால், அவன் மனம் வேலை செய்துகொண்டிருக்கிறது. அடுக்கு, தட்டு, அடுக்கு, தட்டு என்று மாதக்கணக்கில் ஒரே மாதிரி, முகத்தில் சந்தோஷமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் அவனுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரின் உதவி வேண்டும். இதில் எது என்று உங்கள் கடிதத்தில் இல்லை.

மலேசியாவுக்குப் போன அப்பா

சகோதரி, உங்கள் வீட்டில் நடக்கும் எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது இதுதான். அன்பினால் சொன்ன பொய் என்று தெரியும். ஐந்து வயதுக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது என்று எந்தக் குடும்பத்துக்கும் கை நடுங்கும். ஆனால் விளைவைப் பாருங்கள். சின்னவள் தினமும் 'அப்பா ஏன் போன் பண்ணல?' என்று கேட்கிறாள். மலேசியாவிலிருந்து எல்லார் வீட்டு அப்பாவும் போன் பண்ணுகிறார்கள், தன் அப்பா மட்டும் பண்ணவில்லை என்றால் அவள் எடுக்கக்கூடிய முடிவு ஒன்றுதான்: அப்பாவுக்கு என்னைப் பிடிக்கவில்லை. இறந்துபோன அப்பாவை இழப்பதைவிடக் கொடுமை இது. பையனோ, தான் நேரில் பார்த்த மரணத்தைத் தினமும் தங்கை முகத்துக்கு நேரே மறுக்க வேண்டியிருக்கிறது. ஒன்பது வயதில் அந்தச் சத்தியம் கல்லைவிடக் கனம்.

சொல்லுங்கள். சொல்ல வேண்டியவர் அவள் அம்மாதான். போனில், நீங்கள் குழந்தையை மடியில் வைத்திருக்க, பையனும் கூட இருக்க. 'தூங்கிட்டாரு', 'சாமிகிட்ட போயிருக்காரு' என்ற சொற்கள் இந்த வயதில் குழப்பும். தூங்கினவர் எழுந்து வர வேண்டும், போனவர் திரும்பி வர வேண்டும். "பூமி ஆடுனப்ப கட்டடம் விழுந்து அப்பா செத்துட்டாரு. உடம்பு வேலை செய்யறது நின்னு போச்சு. வலிக்காது, பசிக்காது. திரும்பி வர முடியாது. மலேசியான்னு நாங்க சொன்னது தப்பு, உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம அப்படிச் சொல்லிட்டோம்." பெரியவர்கள் தப்பை ஒப்புக்கொள்ளும் அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவள் அழுதுவிட்டு ஐந்து நிமிடத்தில் விளையாடப் போவாள். அடுத்த வாரம் 'அப்பா எப்ப வருவாரு?' என்று மறுபடியும் கேட்பாள். சாவு என்றால் திரும்ப முடியாதது என்பது அந்த வயதுக்கு இன்னும் முழுசாகப் புரியாது. ஒவ்வொரு முறையும் அதே பதிலைப் பொறுமையாகச் சொல்லுங்கள். பையனிடம் தனியே, 'உன் சத்தியம் முடிஞ்சுது, இனி நீ எதையும் மறைக்க வேண்டாம்' என்று சொல்லுங்கள்.

கருமாதியின்போது பிள்ளைகளை வேறு வீட்டில் விட்டுவிட்டீர்கள். அது போனது போகட்டும். புரட்டாசியில் மகாளய அமாவாசை வருகிறது. அண்ணன் படத்தை வெளியே எடுங்கள். விளக்கைப் பையன் ஏற்றட்டும், பூவைச் சின்னவள் வைக்கட்டும். படையலில் என்ன வைக்க வேண்டும் என்று அவனிடமே கேளுங்கள். ஐஸ் என்று சொன்னால், ஐஸ் வையுங்கள்.

நம் சமூகத்துக்கு இந்த மறைப்பு பழைய பழக்கம். 1942-ல் குண்டுக்குப் பயந்து இந்தியாவுக்குக் காடு மலை வழியாக நடந்த குடும்பங்கள் எத்தனை? வழியில் யாரை விட்டுவிட்டு வந்தோம் என்று பிள்ளைகளிடம் சொல்லாமலே கிழவர்களாகிப் போய்ச் சேர்ந்தவர்களை நான் அறிவேன். சொல்லாததால் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகவில்லை. கேட்கக் கூடாது என்று மட்டும் தெரிந்துகொண்டார்கள்.

மாத்திரை, மந்திரம், கொட்ட வைப்பது

அட்டையில் இருக்கும் பெயரை எழுதியிருந்தீர்கள். அது டயஸிபாம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் பெரியவர்களுக்குத் தரும் வகை. பேரிடருக்குப் பின் முதல் மாதத்தில் குழந்தைகளின் பதற்றத்துக்கோ தூக்கமின்மைக்கோ இவ்வகை மருந்தைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த ஒரு மாதம் தாண்டிய பிறகும் இது மருந்துக்கடைக்காரர் கையால் தரக்கூடிய மாத்திரை இல்லை. எத்தனை நாளாகக் கொடுக்கிறீர்கள் என்று எழுதவில்லை. வாரக்கணக்கில் தினமும் கொடுத்திருந்தால் நாளைக்கே சட்டென நிறுத்திவிடாதீர்கள். அட்டையோடு ஒரு குழந்தை மருத்துவரைப் பாருங்கள், படிப்படியாகக் குறைக்கச் சொல்வார்.

பூசாரி விஷயம். காளியம்மன் கோவிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு பூசி, கையில் கயிறு கட்டினால் அவனுக்குத் தெம்பாக இருக்கிறது என்றால் தாராளமாகச் செய்யுங்கள். பக்கத்து வீட்டு அம்மா லெய்ப்யாவைக் கூப்பிட்டு நூல் கட்டுவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பட்டாம்பூச்சி போல உயிர் பயந்து பறந்துவிட்டது, அன்பாகக் கூப்பிட்டால் திரும்பும் என்கிற அந்த நம்பிக்கையில் பிள்ளைக்குத் தீங்கில்லை. ஆனால் வேப்பிலையால் அடிப்பது, பட்டினி போடுவது, புகை போட்டுக் கேள்வி கேட்பது கூடாது. அதைவிட முக்கியமாக, 'உன் அப்பா உன்னைப் பிடித்திருக்கிறார்' என்று அவன் காதில் விழக் கூடாது. செய்யாத குற்றத்துக்கு ஏற்கெனவே தன்னைத் தண்டித்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, அப்பாவே கோபமாகத் திரும்பி வந்திருக்கிறார் என்று சொன்னால் என்ன ஆகும்?

ஒரே நாளில் உட்கார வைத்து எல்லாவற்றையும் கொட்ட வைப்பது பற்றிக் கேட்டீர்கள். அதில் பலன் இருக்கும் என்று ஒரு காலத்தில் தொழில்முறை ஆலோசகர்களே நம்பினார்கள். பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்கிறது என்று தெரிந்த பிறகு அதைக் கைவிட்டுவிட்டோம். அவன் பேச வந்தால் கேளுங்கள். வராவிட்டால் கிண்டாதீர்கள். மறக்க வைப்பதும் நடக்காது. அந்த நாள் அவனிடம் கடைசிவரை இருக்கும். அதை நினைத்தால் உடம்பு நடுங்காமல் இருக்கப் பழக வேண்டும், அது முடியும்.

விடுதி

பெரியப்பா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உங்கள் கடை வருமானத்தில் ஆறு வயிறு நிறைய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் என் பதில், வேண்டாம். இரண்டாம் உலகப் போரில் லண்டனில் குண்டு விழுந்தபோது குழந்தை மனநல அறிஞர்களான அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்காமும் பிள்ளைகளுக்கான காப்பகம் நடத்தினார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிந்ததுதான் பிள்ளைகளை அதிகம் உலுக்கியது என்று அவர்கள் அன்றே எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த அனுபவமெல்லாம் அதையேதான் சொல்கிறது. சொந்தத்தில் வளர வழி இருக்கும்போது பிள்ளையை நிறுவனத்தில் விடுவது கடைசி வழி. ஒரு நாள் மதியம் அப்பா, ஏப்ரலில் அம்மாவும் ஊரும், இப்போது அத்தையும் தங்கையுமா? தங்கையைக் காக்கிற வேலையை அவனிடமிருந்து நாம் மெல்ல வாங்க வேண்டும், தங்கையையே வாங்கிவிடக் கூடாது.

சட்டப்படியும், இந்த முடிவு பெரியப்பாவுடையதோ உங்களுடையதோ இல்லை. தாய் உயிரோடு இருக்கிறார், காப்பாளர் அவர்தான். 2019-ல் நம் நாட்டில் வந்த குழந்தை உரிமைச் சட்டமும் பிள்ளையின் நலனைத்தான் முன்னால் வைக்கச் சொல்கிறது. பிறப்புச் சான்று, குடும்பப் பட்டியல், அண்ணனின் இறப்புச் சான்று, பிள்ளைகள் உங்களிடம் இருக்கச் சம்மதம் என்று அண்ணி எழுதிய கடிதம், இவற்றின் நகல்களை ஓர் உறையில் போட்டு வையுங்கள். வார்டு அலுவலகத்தில் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருப்பதைப் பதிந்தும் விடுங்கள். பணம்தான் நெருக்கடி என்றால், விடுதிக்குக் கொடுக்க நினைத்த தொகையை மாதாமாதம் உங்களிடம் தரச் சொல்லி அந்தப் பெரிய அண்ணனைக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம்

பேரிடர் காலத்து மனநல உதவிக்கு ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டன. அதில் உதவியை நான்கு நிலைக் கோபுரம் போல வரைந்திருப்பார்கள். அடியில் சோறு, கூரை, பாதுகாப்பு. அடுத்து குடும்பமும் அக்கம்பக்கமும் பள்ளியும். அதற்கு மேல் பயிற்சி பெற்ற ஊழியர்கள். உச்சியில்தான் மருத்துவர். பெரும்பாலான பிள்ளைகள் கீழ் இரண்டு நிலையிலேயே தேறிவிடுகிறார்கள். முதல் மாதத்தில் நீங்கள் எழுதியிருந்தால் 'பொறுங்கள், தேறுவான்' என்று சொல்லியிருப்பேன். ஐந்தாம் மாதத்தில் இன்னும் இவ்வளவு விழிப்பு, இவ்வளவு ஒதுங்கல் என்பதால் ஒரு முறை காட்டியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. யுவாதாஜி மனநல மருத்துவமனைப் பெயர் அடிபடும் என்று பயந்திருக்கிறீர்கள். குழந்தைகள் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவிலேயே தொடங்கலாம். அதிர்ச்சிக்கு உள்ளான குழந்தைகளோடு பேச்சு முறைச் சிகிச்சை செய்பவர் யார் என்று அங்கே கேளுங்கள். முதல் வழி அந்தச் சிகிச்சைதான், மாத்திரை இல்லை. நம் நாட்டில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு, தேட வேண்டியிருக்கும், அலைய வேண்டியிருக்கும்.

ஒன்றுக்கு மட்டும் காத்திருக்காதீர்கள். 'நானும் அப்பாகிட்ட போறேன்' என்று ஒரு முறை சொன்னான் என எழுதியிருக்கிறீர்கள். ஏக்கமாக இருக்கலாம். நேராகக் கேளுங்கள்: "செத்துப் போகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சியா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள், அதுவரை அவனைத் தனியே விடாதீர்கள். சாப்பாட்டை நிறுத்திவிட்டாலும், பேச்சே நின்றாலும், கூப்பிட்டால் காதில் விழாதவன் போல நெடுநேரம் வெறித்தாலும் அதே அவசரம்தான்.

அண்ணியின் அழுகை

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அண்ணி போனில் அழுகிறார், பிள்ளைகள் கலங்கிப் போகிறார்கள், அதனால் இப்போதெல்லாம் போனைப் பிள்ளைகளிடம் கொடுப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் காலையும் அவர்கள் பார்க்கவில்லை. அப்பாவைப் பற்றி ஒரு பொய் சொல்லப்பட்டிருக்கிறது என்று பையனுக்குத் தெரியும். அம்மா போனில் வருவதும் நின்றுவிட்டது. அம்மாவைப் பற்றி மட்டும் நீங்கள் சொல்வதை அவன் எப்படி நம்புவான்?

அழட்டும், சகோதரி. அம்மா அழுவாள், பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு 'சாப்பிட்டியா?' என்று கேட்பாள். அழுதவர்கள் அப்புறம் எழுந்துவிடுகிறார்கள் என்பதைப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறான். தினம் ஒரே நேரத்தில், லைன் கிடைக்கிறபோது, ஐந்து நிமிடம் போதும். முடிந்தால் வீடியோவில் கட்டுப்போட்ட காலையும் காட்டச் சொல்லுங்கள், அவன் கற்பனை செய்துவைத்திருப்பது அதைவிடப் பயங்கரமாக இருக்கும். மருத்துவர் பயணத்துக்கு அனுமதிக்கிற நாளில் அண்ணியை ரங்கூனுக்கு அழைத்துக்கொள்ள வழி பாருங்கள். இடம் பத்தாது என்று தெரியும். என்னிடம் இருக்கும் எந்தச் சிகிச்சையையும்விட அது அவனுக்கு நல்லது.

உங்கள் அண்ணனும்தான் போய்விட்டார். ஆறு பக்கத்தில் அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ராத்திரி கடையைச் சாத்திய பிறகு பாட்டியோடு உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசுங்கள், பிள்ளைகள் கேட்டால் கேட்கட்டும்.

இந்த வாரம் இவ்வளவு செய்தால் போதும்: மாத்திரை அட்டையோடு மருத்துவர், அண்ணிக்குப் போன், டின்களைத் திருப்பிக் கொடுப்பது. அவன் அடுக்கத் தொடங்கினால் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். விழுந்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.